வெள்ளைதான்

திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பெயின்ட் கடையில்
விசிறி மாதிரி விரித்துக் காட்டினார்கள் அட்டையை.
ஆயிரத்து எண்ணூறு நிறமாம்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
வீட்டுக்காரர் பச்சை.

ஏழு வாடகை வீடுகள்,
கொருக்குப்பேட்டையில் மட்டும் மூன்று.
எல்லாச் சுவரிலும் அதே பச்சை,
தண்ணீர் தாராளம், கோட் ஒன்றே ஒன்று.
சாய்ந்தால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.
யூனிபார்ம் முதுகைப் பார்த்தே
எந்த லைன் வீட்டுப் பிள்ளை என்று
சொல்லிவிடுவார் ஜெசிந்தா டீச்சர்.

இப்போது ஐந்நூற்று நாற்பது சதுர அடி.
இரண்டாவது மாடி, இருபது வருஷக் கடன்.
ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம் என்பது
இன்னும் கைக்குப் பழகவில்லை.

"வெள்ளை" என்றேன்.
கடைக்காரர் கம்ப்யூட்டரை விட்டு நிமிரவில்லை.
"எந்த ஏரியா?"
"எர்ணாவூர்."
"அப்போ வெள்ளை வேணாம்மா."
ஜாதகம் பார்த்தவர் மாதிரி
அட்டையைத் தள்ளி நிறுத்தினார்
சாம்பல்கள் இருக்கும் பக்கத்தில்.

அந்தச் சாம்பல்களுக்கெல்லாம் பெயர் இருந்தது.
ஷெரின் எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
மிஸ்டி மார்னிங். ரிவர் பெபிள். டவ் விங்.
எங்கள் சாம்பலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.
காலையில் ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் வரும்.
கொடியில் போட்ட துணியோடு
மடித்து அலமாரிக்குள்ளும் வரும்.
ஒரு தடவை
உறை ஊற்றி மூடிய தயிரில்கூட இருந்தது,
எப்படி நுழைந்ததோ.

ரூபனுக்கு எந்தக் கலரும் வேண்டாம்.
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிற வேலை.
"நாள் முழுக்கச் செவப்பும் நீலமும் எண்ணிட்டு வரேன்,
வீட்லயாவது சும்மா வுடு."
ஷெரினுக்குக் கத்திரிப்பூ.
ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் கத்திரிப்பூதான்.

பெயின்டர் மஸ்தான் வந்து
ஹால் சுவரில் நாலு சதுரம் அடித்துவிட்டுப் போனார்.
"ஒரு ராத்திரி தங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க.
சாம்பிள் டப்பாவுக்குக் காசு தனி."

ஃபேன் இன்னும் மாட்டவில்லை.
பாயை விரித்துப் படுத்து
நாலையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
டியூப்லைட்டில் ரிவர் பெபிள்
பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது,
கத்திரிப்பூ அடிபட்டுக் கன்றிய இடம் மாதிரி.
வெள்ளை, கடையில் பார்த்த அதே வெள்ளை.
விளக்கை அணைத்தேன்.

பதினொன்றரைக்கு மேல்
மணலிப் பக்கம் புகைபோக்கியில் தீ எழும்பியது.
ஜன்னல் வழியே வந்து
நாலு சதுரத்தின் மேலும் ஒரே நிறம் பூசியது.
பழுத்த பப்பாளி நிறம்.
எது வெள்ளை எது சாம்பல் என்று
அடித்த மஸ்தானாலேயே சொல்ல முடியாது.
"ஓசி பெயின்ட்" என்றான் ரூபன்.
சிரித்தோம். ஷெரின் தூங்கியிருந்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
கரி தெரியாத நிறம், கரி தெரியாத நிறம் என்று
அந்தக் கடைக்காரர் எவ்வளவு அக்கறையாகச் சொன்னார்.
தெரியாமல் இருந்தால்
வராமல் இருந்துவிடுமா?
ராத்திரி ராத்திரி இருமுகிறாளே இவள்,
அதற்கு எந்த அட்டையில் நிறம் பார்ப்பது?

காலையில் மஸ்தானுக்குப் போன் போட்டேன்.
உள்ளறையில் ஒரு சுவர் கத்திரிப்பூ.
அடுக்களைக்கு ஏதோ ஒன்று, நீங்களே பாருங்கள்.
ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்
வெள்ளை.
"வருஷா வருஷம் என்னைக் கூப்பிடணும்மா."
"கூப்பிடறேன்."

குடிவந்து மூன்று மாதம்.
நேற்று ஈரத்துணியோடு போய்
ஒரு கையகலம் துடைத்தேன்.
அங்கே மட்டும் நான் காசு கொடுத்த நிறம்.
மிச்சத்தைத் துடைக்காமல் விட்டேன்.
கருவி கொண்டுவந்து காற்றை அளக்கப்போகிறோம் என்று
போன மாதம் கூட்டம் போட்டுச் சொன்னவர்கள்
வந்தால் பார்க்கட்டும்.

அந்தச் சுவரில் இன்னும் ஆணி அடிக்கவில்லை.
காலண்டர் மாட்ட இடம் காட்டு என்கிறான் ரூபன்,
சுத்தியும் கையுமாய்.
மாட்டித்தானே இருக்கிறது என்றேன்.